கடைசிக் கொசுவலை

மீன்தொட்டியின் மேல், விளக்குக்கும் தண்ணீருக்கும் நடுவில், ஒரே ஒரு கொசுவலைத் துண்டு மிச்சமிருக்கிறது. நான்கு மடிப்பாய் இருந்தது. புது விளக்கின் வெளிச்சம் தொட்டிக்குள் வளரும் உயிருள்ள பவளத்துக்குப் பழகட்டும் என்று வாரத்துக்கு ஒன்றாய் மூன்றை உருவியாகிவிட்டது. போன முறை கணவர் முதல் நாளே முழு வெளிச்சத்தையும் கொட்டியதில் பச்சைப் பவளம் சுண்ணாம்பாய் வெளுத்துப்போனது. பிழைத்தது கட்டைவிரல் அளவு இந்தத் துண்டு மட்டும்தான். அதனால் இப்போது வலை மனைவியின் பொறுப்பு. "இதுவும் வெளுத்தா, தொட்டியில வெங்காயம் கொட்டி வைப்பேன்," என்று சொல்லிக்கொண்டே ஸ்டூலில் ஏறி வலையை உருவுகிறாள். வெளிச்சம் குபீரென்று இறங்கி மணலில் நெளிகிறது. பவளம் வெடுக்கென்று தன் இழைகளையெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்கிறது. "போச்சு, திரும்பப் போடு," என்கிறார் கணவர். "சும்மா இருங்க. பேரத்துல முதல் விலையைக் கேட்டதும் யாரா இருந்தாலும் முகத்தைத் திருப்பத்தான் செய்வாங்க." மோட்டார் முனகுகிறது. இரண்டு மூக்குகளும் கண்ணாடியில் அப்பிக்கிடக்க, மூச்சுப் பட்டு மங்கும் இடத்தை அவள் சட்டைக்கையால் துடைத்துக்கொண்டே இருக்கிறாள். ஓரத்தில் ஓர் இழை எட்டிப்பார்க்கிறது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு மொத்தத் துண்டும் பச்சைப்பசேலென்று விரிந்து நீரோட்டத்தில் அசைகிறது. அவர் வாயைத் திறக்கிறார். "சத்தம் போடாதீங்க," என்று அவர் தோளைக் கிள்ளுகிறாள், "பாதியில மனசு மாறிடப் போகுது."