சாப்பிட்டாச்சா, கதிர்?

காலை பதினோரு மணிக்கு, பன்னிரண்டாம் அத்தியாயத்தின் ஒன்பதாவது வடிவத்தை வீணாவின் மேஜைமேல் வைத்தான் பரத்.

வீணா அந்த மென்பொருள் நிறுவனத்தின் மனிதவளத் தலைவி. பெங்களூரில் தமிழர்கள் நிறைந்த ஜோகுபாளையத்தில் பிறந்து வளர்ந்தவர். மேல்மாடி அதிகாரிகளில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பரத் கீழ்மாடியில் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர். வாராவாரம் ஒரு டெஸ்டரை உட்காரவைத்து மனிதவளத் தலைவி அப்படி என்னதான் பேசுகிறார் என்று கேன்டீனில் பலருக்கும் சந்தேகம்.

அவர்கள் பரத் எழுதும் நாவலைப் பற்றித்தான் பேசினார்கள்.

கதை 2036-ல் நடக்கிறது. பெங்களூரில் ஒரு நிறுவனம், ஆட்களை வேலையிலிருந்து நீக்கும் பொறுப்பை ஓர் இயந்திரக் குரலிடம் ஒப்படைத்துவிடுகிறது. அந்தக் குரல் அவரவர் தாய்மொழியில் போன் செய்து பேசும். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அது கதிர் என்பவனை அழைக்கிறது.

"உங்க கதிர் இன்னும் சத்தம் போடறானே பரத்," என்றார் வீணா.

"வேலை போனா சத்தம் போடத்தானே செய்வான் மேடம்?"

"முதல் வரியிலயே வேலை போச்சுன்னு சொன்னா போடுவான். முதல்ல சாப்பிட்டாச்சான்னு கேக்கட்டுமே. நம்ம ஆளுங்க அதுக்குப் பதில் சொல்லாம இருக்க மாட்டாங்க. பதில் சொன்ன வாய் சட்டுன்னு சண்டைக்கு வராது."

பரத்துக்குச் சிலிர்த்துவிட்டது. நாலு வருஷமாக எழுதுகிறான். எழுத்தாள நண்பர்கள்கூட இப்படி ஊன்றிப் படித்ததில்லை.

ஓடிவந்து, தன் அடுத்த சீட்டுக்காரன் பிரசன்னாவிடம் அதைச் சொன்னான்.

"சாப்பிட்டாச்சான்னு கேட்டுட்டு வேலையை விட்டுத் தூக்குமா?" என்றான் பிரசன்னா. "ரொம்பப் பெரிய மனசு குரு, உன் மெஷினுக்கு."

"எச்சரிக்கைடா இது. நாளைக்கு இப்படி ஆயிடக் கூடாதுன்னுதானே எழுதறேன்."

"எங்கப்பா பொம்மசந்திராவுல ஒரு ஃபேக்டரில இருந்தாரு. மூடினப்ப கேட்ல ஒரு பேப்பர் ஒட்டினாங்க. அந்தப் பேப்பர் மேல துப்பிட்டு வந்தாரு எங்கப்பா. உன் கதிருக்குத் துப்பக்கூட இடமில்ல."

பரத் எழுதுவதையெல்லாம் படிக்கப் பிரசன்னாவுக்கு நேரம் இருந்தது. புராஜெக்ட் முடிந்து பெஞ்சில் உட்கார்ந்து மாதங்கள் ஆகின்றன. சம்பளம் வரும், வேலை இருக்காது. ஆட்குறைப்பு என்று வந்தால் பெஞ்சில் இருப்பவர்களைத்தான் முதலில் தொடுவார்கள்.

"இன்னும் ரெண்டு மாசம் தள்ளிப் போட்டாப் போதும்," என்பான், மனைவியை நினைத்து. "எலிசபெத்துக்கு ஏழாம் மாசம். சுகர் வேற ஏறுது. பிரசவம் கம்பெனி இன்ஷூரன்ஸ்லதான்."

"உன்னை எல்லாம் தூக்க மாட்டாங்கடா," என்பான் பரத், திரையைப் பார்த்தபடி.

அத்தியாயம் வளர்ந்தது. குரல் ஒரு நிமிஷத்துக்கு மேல் பேச வேண்டாம் என்றார் வீணா. வேலையில் குறை எதுவும் இல்லை என்று அது சொல்லட்டும் என்றார். காரணம் மட்டும் சொல்லவே வேண்டாம், சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு வாதாடுவான் என்றார். ஒவ்வொன்றும் சரியாகத்தான் இருந்தது.

பதினான்காவது வடிவத்தில் கதிர் சத்தம் போடவில்லை. 'உங்கள் நாற்காலி உங்களை மறக்காது' என்று குரல் முடித்ததும் போனை வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

"இப்ப சரியா இருக்கு," என்றார் வீணா. "எனக்கு மெயில்ல ஒரு காப்பி அனுப்புங்க."

பரத் அன்றைக்கே அனுப்பினான்.

ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை மதியம் பிரசன்னாவின் போன் அடித்தது. எழுந்து ஜன்னல் பக்கம் போய்ப் பேசினான். திரும்பி வந்து சீட்டில் உட்கார்ந்தான்.

"முடிஞ்சுதுடா."

"யார் பேசினது?"

"பொம்பளைக் குரல். மெஷின்தான். சாப்பிட்டாச்சா பிரசன்னான்னு கேட்டுச்சு. ஆச்சுங்கன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம்தான் எங்கயோ படிச்ச மாதிரி இருந்துச்சு." அவன் பரத்தைப் பார்த்தான். "உன் கதைதானே அது?"

பரத்தின் முகம் வெளுத்தது. அறையில் வேறு இரண்டு போன்கள் அடித்தன. யாரும் சத்தம் போடவில்லை.

"முழுசாச் சொல்லு," என்றான் பரத். "ஒரு வார்த்தை விடாம."

பிரசன்னா சொன்னான். பரத் மறுபடியும் சொல்லச் சொன்னான். இரண்டாம் தடவை சொல்லும்போது பிரசன்னாவின் குரல் உடைந்தது.

பரத் கணினியை இழுத்து வேகமாக அடிக்கத் தொடங்கினான்.

"யாருக்குடா?"

"வீணா மேடத்துக்கு. இதை இப்படியே விட முடியாது."

"வேணாம்டா. உன் வேலைக்கும் உலை வச்சுக்காத." பிரசன்னா கண்ணைத் துடைத்துக்கொண்டான். "கேக்கறதா இருந்தா ஒண்ணே ஒண்ணு கேளு. இன்ஷூரன்ஸை மட்டும் பிரசவம் வரைக்கும் விட்டு வைக்கச் சொல்லு."

பரத் திரும்பாமல் தலையாட்டினான்.

அன்று மாலை நாலரை மணிக்கு அந்த மின்னஞ்சல் போய்ச் சேர்ந்தது. அதில் இருந்தது இவ்வளவுதான்: "மேடம், 'உங்கள் நாற்காலி உங்களை மறக்காது' என்று நான் எழுதியிருந்ததை 'நிறுவனம் உங்களை மறக்காது' என்று மாற்றியிருக்கிறீர்கள். வரியில் உயிரே இல்லை. திங்கள்கிழமைக்குள் திருத்திவிடவும்."