நூறு வருஷ ரோடு

முதலில் ரோடு போட்டுவிட்டு அப்புறம்தான் தோண்டுவார்கள். எங்கள் ஊரில் அதுதான் வழக்கம். அதனால் எங்கள் வாசலுக்கு எதிரே இருந்த குடிநீர் வால்வின் இரும்பு மூடிக்கு மேலேயே கீறல் விழுந்தால் தானே மூடிக்கொள்ளுமாம் என்று நார் கலந்த புதுவகைக் கான்கிரீட்டை ஊற்றினார்கள்.

"மூடி உள்ள போகுதே தம்பி," என்று சொன்னேன்.

"அப்புறமா தோண்டி எடுத்துக்கலாம்க்கா," என்றார் நகராட்சிப் பொறியாளர் ஜெபராஜ்.

ஆடி மாதம் ரோட்டுக்கு அடியில் குழாய் உடைந்தது. அந்த ரோட்டைப் பிளந்து மேலே வர முடியாத தண்ணீர், எங்கள் கூடத்து டைல்ஸைப் பெயர்த்துக்கொண்டு வந்தது. அரிசி மூட்டை கட்டில் மேல் ஏறியது. நாங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அடைக்க வேண்டிய வால்வு ரோட்டுக்கு அடியில் கிடந்தது.

வெட்டும் இயந்திரத்தோடு ஆட்கள் வந்தார்கள். காலை முழுக்கப் போராடி விரல் ஆழத்துக்கு ஒரு கோடு கீறினார்கள். டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் கான்கிரீட் அந்தக் கோட்டைத் தானே மூடிக்கொண்டது. தினமும் இதே கதைதான்.

இன்று ஜெபராஜ் வந்தார். ரோட்டைக் குனிந்து தடவிப் பார்த்தார்.

"ஒரு கீறல்கூட இல்ல பாருங்க. நூறு வருஷம் நிக்கும்."

"வீடு நிக்காது போலிருக்கே," என்றேன்.

அவர் எங்கள் கூடத்துச் சுவரை விரல் முட்டியால் தட்டினார். ஈரக் காரை பொலபொலவென்று உதிர்ந்தது. முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு.

"இந்தப் பக்கமா தோண்டினா வால்வுக்குப் போயிடலாம். வீட்டை மொதல்ல இடிச்சிடுவோம்க்கா. அப்புறமா கட்டிக்கலாம்."