சைபர் மழை

இந்தப் பருவத்தில் மழை குறைவு என்றது முன்னறிவிப்பு. சொன்னபடியே கண்டி காய்ந்து கிடந்தது. பக்கத்துக் கெலிஓயாவில் ஜனகன் பார்க்கும் மழைமானியில் மட்டும் தினமும் காலையில் 12.4 மில்லிமீட்டர் தண்ணீர் நின்றது. மூடி வைத்தாலும் அதேதான்.

“இந்த வித்தியாசம் ஏன்னு தெரியாம உங்களுக்கு ட்ரான்ஸ்பர் தர ஏலாது,” என்றார், இடமாற்றம் கேட்டுப் போன ஜனகனிடம் மேலதிகாரி சுபாஜினி மிஸ்.

அலுத்துப்போய் ஒரு மாதம் முழுக்கப் பதிவேட்டில் மழை சைபர், பூச்சியம், என்றே எழுதினான். ட்ரான்ஸ்பர் கடிதம் வந்தது. புறப்படும் நாளில் மானி காய்ந்திருந்தது. அப்பாடா என்று அலுமாரியைத் திறந்தான். தேய்த்து மாட்டியிருந்த சட்டை சொட்டிக்கொண்டிருந்தது. அதை அளவுக் குவளைக்குள் பிழிந்தான்.

12.4.

தெருவில் அவன் ஏற வேண்டிய கண்டி பஸ் ஹோர்ன் அடித்தது. ஜனகன் கதிரையில் உட்கார்ந்து, பதிவேட்டைத் திறந்து, சைபர்களை ஒவ்வொன்றாக வெட்டத் தொடங்கினான்.