இடது பக்கத்து சீட்

பத்மநாபனின் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் மறுபடியும் பட்டறை வாசலில் வந்து நின்றபோது மெக்கானிக் சின்னராஜுக்கு எரிச்சலாகவே இருந்தது.

"பெட்ரோல் முள்ளு, சூட்டு முள்ளு எல்லாம் படுத்துருச்சுப்பா" என்றார் பத்மநாபன்.

சின்னராஜ் கூட ஏறிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்தால் முள்ளெல்லாம் சமர்த்தாக நிற்கும். அவர் தனியாக வீட்டுக்குக் கிளம்பினால்தான் சாயும். இந்த முறை அவன் இடது பக்கத்து சீட்டையே கழற்றிவிட்டான். மீட்டருக்குப் போகும் எர்த் வயர் அதன் அடியில் லூசாகக் கிடந்தது.

"ஆளு உக்காந்தா சீட்டு அமுங்கி வயர் ஒட்டிக்குதுங்க. காலியா இருந்தா விட்டுருது. கூட யாரும் வர்றதில்லீங்களா?"

"முன்னெல்லாம் இந்தக் கோளாறு வந்ததில்ல" என்று மட்டும் சொன்னார் பத்மநாபன்.

சின்னராஜ் அந்த வயரைப் பிடித்திருந்த போல்ட்டை இறுக்கி, அசைந்தால் தெரியும்படி அதன்மேல் ஒரு பொட்டு மஞ்சள் பெயிண்ட் வைத்தான். அன்றைக்கு அவர் தனியாகத்தான் போனார். முள்ளெல்லாம் நிமிர்ந்தே நின்றன.

அடுத்த வாரமே திரும்பி வந்தார்.

"படுத்துருச்சுப்பா."

சின்னராஜ் சீட்டைத் தூக்கினான். மஞ்சள் பொட்டு உடைந்திருந்தது. போல்ட்டின் தலையில் ஸ்பேனர் வழுக்கிய கீறல் புதிதாக மின்னியது. நிமிர்ந்து பார்த்தான். பத்மநாபன் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போல்ட்டை அப்படியே விட்டு சீட்டை மாட்டினான். கையைத் துடைத்துக்கொண்டு அதில் ஏறி உட்கார்ந்தான்.

"எடுங்க சார். ஒரு ரவுண்டு போய்ப் பாத்துட்டு வருவோம்."

அவர் சாவியைத் திருப்பினார். முட்கள் ஒவ்வொன்றாக எழுந்தன.