ஒண்ணுமில்லைக்கா

இது விடுதியில் என் அறைத்தோழன் சொன்ன கதை. அவனுக்கு யார் சொன்னார்களோ, தெரியாது.

மலையிறங்கும் வேனில் பிரேக் தனியாகச் சூடேறிக்கொண்டிருந்தது. பழைய டிரைவர் இருந்தவரை இரண்டாம் கியர் பாதிப் பாரத்தைத் தாங்கும். கியரும் பிரேக்கும் ஊர்க்கதை பேசியபடியே இறங்கும். புதியவருக்கு அவசரம். எல்லா வளைவுக்கும் பிரேக்தான்.

"என்ன தம்பி, கருகுற வாசனை?" என்றது கியர்.

"ஒண்ணுமில்லைக்கா. எங்கேயோ சமைக்கிறாங்க."

அடுத்த வளைவில் பிரேக்கின் பிடி நழுவியது. எதிரே பள்ளம்.

"அக்கா, கொஞ்சம் பிடியேன்!"

கியர் உறுமிக்கொண்டு வந்து பிடித்தது. வேன் தடுமாறி, ஓரமாக நின்றது.

"இதைக் கேட்க உனக்கு இத்தனை வளைவா?"

"பழையபடி ஏதாவது கதை சொல்லுக்கா," என்றது பிரேக்.

பிரேக் எப்படி ஆறியது என்று தோழன் சொல்லவில்லை. பிறகு ஒரு மெக்கானிக்கிடம் கேட்டேன். கொதிக்கும்போது தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடுமாம். கொஞ்ச நேரம் சும்மா விட்டாலே ஆறிவிடுமாம்.