கடைசிப் பாய்

செந்துறைக்குப் பக்கத்தில், ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த பழைய கிறிஸ்தவக் கோவிலைத் திறந்து, எழுபத்தெட்டாம் வருஷம் புதுச் சபை தொடங்கினார் போதகர் வேதமாணிக்கம். பழைய சபையார் அநேகமாக எல்லாரும் பிழைப்புத் தேடி நெய்வேலிப் பக்கம் போய்விட்டிருந்தார்கள்.

ஏழு மாதமாக ஞாயிறுதோறும் வந்தது ஒரே ஒருவர்தான், கிழவர் அரியமுத்து. மணியடித்ததும் வந்து கடைசிப் பாயில் உட்காருவார். பாட மாட்டார். முடிந்ததும், "வரேங்க" என்று எழுந்துவிடுவார். பழைய சபையில் மிஞ்சிய ஒரே விசுவாசி என்று, அவர் ஒருவருக்காகவே போதகர் பிரசங்கம் எழுதினார். அந்த ஒரு தலையும் இல்லாதிருந்தால் என்றைக்கோ மூட்டை கட்டியிருப்பார்.

எட்டாம் மாதம் இரண்டு குடும்பங்கள் வந்து சேர்ந்தன. அன்றோடு அரியமுத்து வருவது நின்றுபோனது. மூன்று வாரம் பார்த்துவிட்டு, என்ன மனக்குறையோ என்று போதகர் அவர் வீட்டுக்கே போனார்.

அரியமுத்து நெற்றி நிறையத் திருநீறோடு வாசலில் முந்திரிக்கொட்டை காயவைத்துக்கொண்டிருந்தார். போதகர் அந்தத் திருநீற்றையே பார்த்தார்.

"நான் வேதக்காரன் இல்லீங்க. உங்காளுங்கள்ல கடைசியா இருந்தது பக்கத்து வூட்டு ஞானம்மாதான். ரெண்டு பேராவது கூடுனாத்தான் எங்க சாமி வரும்னு சொல்லி அழுதுச்சு. அது சாவுற வரைக்கும் கூடப் போயி உக்காந்தேன். அப்புறம் நீங்க தனியா வந்து நின்னீங்க."

"இப்ப ஏன் வரலை?"

"அதான் ஆளுங்க வந்துட்டாங்களே." கிழவர் கொட்டையைக் கிளறிவிட்டார். "எனக்குத்தான் ஞாயித்துக்கிழமை காலையில என்ன பண்றதுன்னு தெரியல."