ஓரத்தில் நிற்கும் பையன்

குழந்தைகள் இல்லத்தின் சோஷியல் மீடியா பக்கத்தைக் கவனிப்பவள், உள்பெட்டியில் கேட்டு வாங்கிய எண்ணை அழைத்தாள். பக்கத்தில் எந்தப் படம் போட்டாலும் முதலில் விழும் இதயக்குறி அந்த எண்ணுக்குரிய அம்மாளுடையதுதான்.

“அக்கா, எங்க இல்லத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசி வீடியோ அனுப்புங்களேன். பாக்கிறவங்க நாலு பேர் உதவ முன்வருவாங்க.”

“என் மூஞ்சியைப் பாத்தா வர்றவங்களும் ஓடிடுவாங்கம்மா” என்று சிரித்த குரல் சட்டென்று தாழ்ந்தது. “ஒண்ணு கேக்கலாமா? ஓரத்துல ஒரு பையன் நிப்பானே, மூணு வாரமா படத்துல காணோம். உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கான்க்கா. தலைகீழா நின்னாலும் சிரிக்க மாட்டேங்கிறான். உம்முனு ஒரு மூஞ்சி இருந்தா லைக் குறையுதுன்னு நான்தான் ஓரத்தை வெட்டிடுறேன்.”

மறுமுனையில் அந்த அம்மாள் மெதுவாகச் சொன்னாள்.

“சிரிக்கலைன்னா பரவாயில்லம்மா, வெட்டாதீங்க. உங்க வாசல்ல நான் அவனை விட்டுட்டு வந்த அன்னிக்கும் அவன் சிரிக்கல.”

அன்று மாலை அவள் படத்தை வெட்டாமல் போட்டாள். ஓரத்தில் அவன் உம்மென்று நின்றிருந்தான். உடனே ஓர் இதயம் வந்தது. வெகுநேரம் காத்திருந்தும் இரண்டாவது வரவில்லை.

கடவுளே, இந்த ஒன்று போதும் என்று நினைத்தபடி அவள் கணினியை அணைத்தாள்.